கொடைக்கும் ஒரு பருவம் உண்டு

ஆடி அமாவாசையன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் யாரும் பசியோடு திரும்ப முடியாது. பத்தடிக்கு ஒரு பந்தல் போட்டுப் புளிசாதமும் தயிர்சாதமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டு வந்தவரையும் விடாமல் அழைத்து இன்னொரு தொன்னையை நீட்டுவார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பள்ளிவாசல்களில் மாலையானால் கஞ்சி மணக்கும். தூக்குவாளியோடு வந்து நிற்பவர் எந்தச் சமயத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ‘செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடே சொல்கிறதே, அந்தச் சீதக்காதியும் கீழக்கரைக்காரர்தான். ராமேசுவரத்துக்கு நடந்து வந்த யாத்ரீகர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்கள். கொடுக்கும் மனத்துக்கு இந்தக் கரையில் என்றுமே பஞ்சமில்லை.

ஆனால் அமாவாசை முடிந்த மறுநாள் அந்தப் பந்தல்காரர்களை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார்கள். நாம் கொடுக்கும் நாள் நம்முடைய நாளாக இருக்கிறது. நம் பிறந்தநாள், நம் வீட்டுத் திதி, நம் பண்டிகை. வாங்குகிறவருக்கு எது கடினமான நாள் என்று பார்த்துக் கொடுப்பது குறைவு. ‘எனக்கும் ஏதாவது செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?’ என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் ஊரின் காலண்டரைப் படியுங்கள். யாருக்கு, எந்த மாதத்தில், எது இல்லாமல் போகிறது என்று தெரிந்துகொண்டு, சிறிய அளவில், விடாமல் செய்வதே அன்றாட உதவி. அதற்குப் பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை பொதுக் காரியத்துக்குக் கொடுத்த பெண்கள் இதைத்தான் செய்தார்கள். பிடி அரிசி யாரையும் ஏழையாக்கியதில்லை.

கடற்கரையின் காலண்டர்

ராமநாதபுரம் கடற்கரையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, ஏப்ரல் 15இல் தொடங்குகிறது என்பேன். அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் போன்ற துறைகளில் விசைப்படகை நம்பி இருப்பவர்கள் படகுக்காரர்கள் மட்டுமில்லை. படகில் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீனைத் தரம் பிரிக்கும் பெண்கள், வலை கட்டுபவர், ஏலக்கரையில் தேநீர் விற்பவர் என்று அத்தனை பேரின் அடுப்பும் அந்தப் படகுகளோடு சேர்ந்து அணைகிறது. அரசு தடைக்கால நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பதைக் குடும்பம் நடத்துபவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐஸ் உடைப்பவருக்கும் தேநீர் விற்பவருக்கும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமிருக்காது.

இந்த இரண்டு மாதங்களுக்குள்தான் பிளஸ் டூ முடிவு வருகிறது. கல்லூரி விண்ணப்பமும் கலந்தாய்வும் முதல் தவணைக் கட்டணமும் இதே நாட்களில்தான். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். கடையில் பற்று ஏறியிருக்கும். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தடை முடிந்து முதல் மீன்பாடு கரைக்கு வந்தாலும் அந்தக் காசு பழைய கடனுக்குத்தான் போகும். ஆண்டில் மிகப் பெரிய செலவும் வருமானமே இல்லாத காலமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடம் இது. வெளியூர்க்காரர்களின் கண்ணில் இது படுவதே இல்லை.

உதவ நினைப்பவர்கள் ஜூன் மாதத்தில் என்ன செய்கிறார்கள்? நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாவற்றையும் அரசே இலவசமாகத் தருகிறது. பஸ் பாஸும் உண்டு. ஆகவே மூன்று அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு நோட்டுக் கட்டுகளை இறக்கும் அதே தெருவில், கல்லூரியில் இடம் கிடைத்த ஒரு பெண் விடுதி முன்வைப்புத் தொகை கட்ட முடியாமல் கருவாட்டுக் கம்பெனி வேலைக்குப் போவாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஐயாயிரமோ பத்தாயிரமோ. அதுவும் ஜூலையில் இல்லை, கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முன்பு. அந்த நாள் கடந்துவிட்டால் அதே பணத்தால் ஒரு பயனும் இல்லை.

எனவே மே மாதத்தில் உங்கள் பகுதி அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்து, “இந்த ஆண்டு மேலே படிக்க முடியாமல் நிற்கிற பிள்ளைகள் யாராவது உண்டா, என்ன தடை?” என்று கேளுங்கள். பதில் வியப்பாக இருக்கும். சில நேரம் தடை பணமே இல்லை. சாதிச் சான்றிதழ் வரவில்லை. முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று இருப்பதும், அதைக் காட்டினால் கட்டணச் சலுகை கிடைப்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024இல் வந்தது. கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று சொல்ல ஆளில்லை. படித்த ஒருவர் இரண்டு மாலைப் பொழுதை ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் போக்கே மாறிவிடும்.

காசு கேட்காத உதவி

நம் கரையில் மிகவும் அரிதான பொருள் எது என்று கேட்டால், படிவம் நிரப்பத் தெரிந்த, பொறுமையுள்ள மனிதர் என்று சொல்வேன்.

மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒருவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. பிரதமர் சுரக்‌ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் இது இருக்க வேண்டும். ஆனால் அந்த 20 ரூபாயை நீங்கள் கையில் கொடுத்துவிட முடியாது. அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் ஆண்டுதோறும் பிடிப்பார்கள். கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், பிடிக்கும் நாளில் அதில் பணம் இருக்க வேண்டும், வாரிசு பெயர் சரியாக இருக்க வேண்டும். அங்கேதான் உதவியின் வேலை தொடங்குகிறது.

ஒருநாள் தங்கச்சிமடத்தில் கருவாடு காயவைக்கும் ஓர் அக்காவுக்குப் படிவம் எழுதிக் கொடுத்தேன். ஆதாரில் கணவர் பெயர் அந்தோணி. வங்கிப் புத்தகத்தில் அந்தோனி. ரேஷன் அட்டையில் அந்தோணிசாமி. “மூன்றும் ஒரே ஆள்தான் தம்பி, இது யாருக்குத் தெரியாது?” என்றார் அவர். தெருவுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அந்த ஓர் எழுத்தைச் சரிசெய்ய அவர் ராமநாதபுரம் வரை ஏற்கெனவே இருமுறை போய் வந்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. ஆதாரை முதலில் திருத்த வேண்டுமா, வங்கிக் கணக்கையா என்று யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் ஒருமுறையோடு முடிந்திருக்கும். இந்த மாதிரிப் பெயர்ப் பிழைகளால் கிடைக்காமல் போகிற பணம், நாம் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் நன்கொடையைவிட அதிகமாக இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இதைவிடக் கடினமானது, கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போகும் குடும்பத்தின் நிலை. பேரிடர்களின்போது அரசு விதியைத் தளர்த்துவதுண்டு. மற்றபடி, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருதுகிறது. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. சான்றிதழ் இல்லாவிட்டால் காப்பீடு இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. காணாமல் போன முதல் வாரம் ஊரே அந்த வீட்டு வாசலில் நிற்கும். மூன்றாம் ஆண்டில் யார் வருகிறார்கள்? அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், நாலு நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகையை அந்த ஏழு ஆண்டுக்கும் கொடுப்பதாக முடிவுசெய்யுங்கள். இடையில் ஒருவர் வெளியூர் போனாலும் தொகை நிற்காதபடி வங்கியிலேயே தானாக மாற்றும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். காவல்நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனுவின் நகலையும் ஒரு கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்தவும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். ஏழாம் ஆண்டில் அந்தக் கோப்புதான் பேசும்.

வாங்குவதும் உதவிதான்

இந்த மாவட்டத்தில் பனையேறுபவர்களும் கருப்பட்டி காய்ச்சுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஓலைக்கொட்டான் என்னும் சிறு கூடைகளை முடையும் பெண்கள் இருக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலப் பையாகப் பிளாஸ்டிக் வாங்குவதற்குப் பதில் நூறு கொட்டானுக்கு முன்கூட்டியே சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு தெருவுக்கே வேலை கிடைக்கும். முன்பணம் முக்கியம், அது இல்லாவிட்டால் ஓலைக்கு அவர்கள் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். கருப்பட்டியில் சர்க்கரை கலப்பதுண்டு. விலையை அடித்துக் குறைத்துக்கொண்டே சுத்தமான கருப்பட்டியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. பாசியை நாம் நேரடியாக வாங்க முடியாது. ஆனால் கடலை நாசம் பண்ணாமல் இருக்கலாம். பிய்ந்த வலையைக் கடலில் எறியாதீர்கள். கடல் அட்டை, கடற்குதிரை, பவளப்பாறை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. யாராவது நினைவுப் பொருள் என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துணி பற்றி ஒரு வார்த்தை. 2004 சுனாமியில் இந்தக் கரையின் பெரும்பகுதியை இலங்கை குறுக்கே நின்று காத்தது. ஆனால் அலை நேராகத் தாக்கிய நாகப்பட்டினம் பக்கம் நிவாரணமாக வந்த பழந்துணிகள் சாலையோரம் மலைபோலக் குவிந்து மழையில் அழுகின. உழைத்து வாழ்ந்த மீனவர்கள் அவற்றைத் தொடவே மறுத்தார்கள். நீங்கள் உடுத்தத் தயங்கும் துணியை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். தீர்த்தமாடியபின் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையும் விடலாம். அது யாருக்கும் தானமாகாது; ஆமையின் கழுத்திலும் மீனவரின் வலையிலும்தான் சிக்கும்.

கேள்வி கேட்டுக் கொடுங்கள்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. இல்லம் என்ற பெயர்ப்பலகை இருப்பதாலேயே உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கொடுப்பவர் கேள்வி கேட்பது அவமரியாதை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. நல்ல இல்லங்களை நடத்துபவர்கள் கேள்விகளை வரவேற்பதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் இல்லமானால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். இரவில் பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

பிறந்தநாளுக்கு அங்கே பிரியாணி கொடுக்க விரும்பினால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வீட்டுப் பிரியாணி வந்து சேரும். புதன்கிழமை சோப்பும் சானிடரி நாப்கினும் தீர்ந்திருக்கும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தட்டோடு படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள். இல்லத்துக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் படம் நாளை அந்தப் பிள்ளையோடு படிக்கிறவர்களின் கைக்கு வரும்.

ஒரு சிறிய அமைப்பு நன்றாக நடக்கிறது என்று உறுதியானால், ஆண்டுக்கு ஒருமுறை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறு தொகை கொடுங்கள். 50 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 10,000. அது நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஒரு ஆசிரியரைத் துணிந்து நியமிக்க முடியும். எப்போது வரும் என்று தெரியாத பணத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் சம்பளம் உறுதி சொல்ல முடியாது.

ரசீது வாங்குங்கள். நன்கொடைக்குக் கிடைக்கும், 80ஜி என்று பழகிப்போன வருமான வரிச்சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்தில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை முறைப்படி வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவரானாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். மத்திய அரசிடம் அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே, தில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் அதை வாங்கலாம். மச்சான் அனுப்பிய நல்ல பணத்தால் ஊர் அமைப்பு வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சைக்கு உதவி கேட்டு வாட்ஸப்பில் வரும் செய்திகளில், பணம் அனுப்புமுன் ஒன்றைக் கேளுங்கள்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு அதில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை எடுத்துக் கொடுப்பது, நீங்கள் அனுப்பும் ஆயிரத்தைவிடப் பெரிய உதவி.

ரத்தமும் கண்ணும்

ரத்ததானத்துக்கும் காலண்டர் உண்டு. முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளில் நடக்கின்றன. தேர்வும் விடுமுறையும் வரும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறைந்துவிடுகின்றன. விபத்தும் பிரசவமும் குறைவதில்லை. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் ஐந்து நாளில் பயனற்றுப் போகும். ஆகவே தலைவர் பிறந்தநாளில் இருநூறு பேர் ஒரே நாளில் கொடுப்பதைவிட, அதே இருநூறு பேர் ஆண்டு முழுவதும் பிரிந்து கொடுப்பது எத்தனையோ மேல். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவசரத்தில் ஆள் தேடி அலையாமல் இருக்க, ஒவ்வொரு தெருவிலும் ரத்தப் பிரிவு எழுதிய பட்டியல் ஒன்று இருக்கட்டும். கடைசியாகக் கொடுத்த தேதியையும் அதில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பட்டியலில் பாதிப்பேரைக் கூப்பிட்டும் பயனிருக்காது.

கண்தானத்துக்கு இந்தத் தூரம் இன்னும் பெரிய சிக்கல். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். உறுதிமொழிப் படிவம் கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர் பலர். வீட்டில் சொல்லி வைத்திருப்பவர் சிலர்தான். துக்கத்தில் இருக்கும் வீட்டில் யாரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. எனவே வாயால் சொல்லுங்கள், பிள்ளைகளிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும். உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் வழி கேட்கலாம். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயுள்ளவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் யாரும் கொடுக்கலாம். கால் மணி நேர வேலைதான், வீட்டிலேயே நடக்கும், முகம் மாறாது. உறவினர் எல்லோரும் வந்து சேரட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தால் ஆறு மணி நேரம் பாலம் தாண்டும் முன்பே போய்விடும். அதனால் முதல் அழைப்பை யார் செய்வது என்பதை வீட்டில் இன்றே ஒருவரிடம் ஒப்படைத்து வையுங்கள்.